நூற்பாவும் புறனடையும்: வருமான வரிச் சட்டம் எளிதாகிவிட்டதா?

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் வருமான வரிச் சட்டம், 2025 வந்து அமர்ந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 21 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்ற இச்சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஏப்ரல் 1 எனக் குறிக்கப்பட்டது. பழைய சட்டத்தில் 5.12 லட்சம் சொற்கள் இருந்தன, புதியதில் ஏறத்தாழ 2.6 லட்சந்தான்; 47 அத்தியாயங்கள் 23 ஆயின, 819 பிரிவுகள் 536 ஆயின என்று அரசு கணக்குக் காட்டுகிறது. ஏறக்குறையப் பாதி நூல் காணாமற் போயிருக்கிறது. அப்பாதி எங்கே போயிற்று, போனதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்று கேட்டுப் பார்க்க வேண்டிய கடமை நமக்கு உண்டு.

வரி பற்றிய பேச்சுக்கு இலக்கிய வாசகரிடையே என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். பட்டயக் கணக்காளரும் வழக்கறிஞரும் பேச வேண்டியதை அவர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால், இம்முறை நிகழ்ந்தது பெரிதும் வரிக்கொள்கை மாற்றமன்று. வீதங்களைக் கூட்டவும் குறைக்கவும் இச்சட்டம் எழுதப்படவில்லை. இருந்த கொள்கையை அப்படியே வைத்துக்கொண்டு, நூலின் நடையைத் திருத்துவதும், மிகைச் சொற்களை நீக்குவதும், அடுக்குமுறையை மாற்றுவதுமே நோக்கம் என்று அரசே அறிவித்தது. அதாவது இது ஒரு பதிப்பு வேலை, உரைநடை வேலை. அவ்வகையில் இது நம் தெருவுக்குள்ளேயே வந்துவிட்ட விவகாரம். மேலும், பிடிக்காத நாவலை நாம் மூடி வைத்துவிடலாம். இந்த நூலை மூடி வைத்தவருக்குத் தண்டம் உண்டு.

பவணந்தியார் நன்னூலின் பாயிரத்தில் நூலுக்குரிய பத்துக் குற்றங்களையும் பத்து அழகுகளையும் வகுத்திருக்கிறார். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தை அந்தக் குற்றப்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு ஒருவகைக் குரூர மகிழ்ச்சி கிடைக்கும். மிகைபடக் கூறல் உண்டு; கூறியது கூறல் உண்டு; மயங்க வைத்தல் தாராளமாக உண்டு; மற்றொன்று விரித்தலுக்கோ பஞ்சமே இல்லை. குற்றத்தின் வேர் எங்கே என்று பார்த்தால், அது புறனடையில் இருக்கிறது. நம் இலக்கண நூல்களில் ஒரு விதியைச் சொல்லி, அதற்கு அடங்காதவற்றை இயலின் இறுதியில் புறனடைச் சூத்திரத்தால் தழுவிக்கொள்வது மரபு. ஓர் இயலுக்கு ஒன்றிரண்டு இருந்தால் அது சிக்கனம். ஆனால், அறநிலையங்கள், கல்வி நிறுவனங்கள் முதலானவற்றின் வருமானத்துக்கு விலக்களித்த பிரிவு 10(23சி)-க்குப் பின்னே 'ஆயினும்' என்று தொடங்கும் புறனடைகள் இருபதைத் தாண்டி வரிசை கட்டி நின்றன. எந்தப் புறனடை எந்தப் புறனடைக்கு விலக்கு என்று அறிவதற்கே தனி உரையாசிரியர் தேவைப்பட்டார். அத்தகைய புறனடைகள் ஏறத்தாழ 1,200-உம், 'விளக்கம்' என்னும் பெயரில் வந்த துண்டுகள் ஏறத்தாழ 900-உம் புதிய சட்டத்தில் நீக்கப்பட்டிருக்கின்றன. இருக்க வேண்டியவை உட்பிரிவுகளாகவும் அட்டவணைகளாகவும் இடம் மாறியிருக்கின்றன.

இன்னொரு நோய் எழுத்துநோய். 1961இல் 298 பிரிவுகளோடு பிறந்த சட்டம் இறுதிவரை 298 என்ற எண்ணைத் தாண்டவே இல்லை. தாண்டாமலே 819 ஆனது எவ்வாறு? இரண்டு எண்களுக்கு நடுவே ஆங்கில எழுத்துகளைச் செருகிச் செருகி. 80சி, 80சிசிசி, 80சிசிடி, 80இ, 80இஇ, 80இஇஏ, 80இஇபி என்று ஓர் அந்தாதியே ஓடிற்று. இதில் தமிழருக்கு மட்டும் வாய்த்த ஒரு கூடுதல் வேடிக்கை உண்டு. கொடிய நோய்களின் சிகிச்சைச் செலவுக்குக் கழிவு தந்த பிரிவும், மூத்த குடிமக்களின் வைப்புநிதி வட்டிக்குக் கழிவு தந்த பிரிவும் ஆங்கிலத்தில் வெவ்வேறு எழுத்துகள். தமிழில் எழுதினாலோ இரண்டும் '80டிடிபி'. நோயும் வட்டியும் ஒன்றாகிவிடும். புதிய சட்டத்தில் எழுத்துவால்கள் இல்லை, எண்கள் மட்டுமே. புகழ்பெற்ற 80சி, இப்போது 123ஆம் பிரிவு. இதனை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

பாராட்ட வேண்டியது மேலும் ஒன்று உண்டு. வருமானம் ஈட்டிய ஆண்டுக்கு 'முந்தைய ஆண்டு' என்றும், அதற்கு அடுத்த ஆண்டுக்கு 'மதிப்பீட்டு ஆண்டு' என்றும் பழைய சட்டம் பெயர் வைத்திருந்தது. நடந்துகொண்டிருக்கும் ஆண்டைப் பார்த்து 'முந்தைய ஆண்டு' என்று அழைக்கும் காலவழுவை எந்தத் தமிழாசிரியரும் மாணவனிடம் பொறுத்துக்கொள்ள மாட்டார். நாடு அறுபதாண்டுகளுக்கு மேல் பொறுத்துக்கொண்டது. இப்போது இரண்டும் போய் 'வரி ஆண்டு' என்ற ஒன்றே நிற்கிறது. 'நாட்வித்ஸ்டாண்டிங்' என்ற சட்டத்தரணிகளின் செல்லச் சொல்லும் போய், 'இர்ரெஸ்பெக்டிவ் ஆஃப்' வந்திருக்கிறது. சொல் மாறியதே ஒழியப் பொருள் மாறவில்லை. அதனால் பெருநன்மை என்று சொல்வதற்கில்லை. சூத்திரங்களையும் அட்டவணைகளையும் மிகுதியாகக் கையாண்டிருப்பது நல்ல மாற்றம். கூட்டல் கழித்தல்களை வாக்கியமாக எழுதிப் படிப்பவனை மூச்சுத் திணற வைத்த இடங்களில், இப்போது கணக்கு கணக்காகவே நிற்கிறது. முன்பு 6 ஆக இருந்த சூத்திரங்கள் 46 ஆகவும், 18 ஆக இருந்த அட்டவணைகள் 57 ஆகவும் பெருகியிருக்கின்றன.

இவ்வளவும் பவணந்தியார் சொல்லும் அழகுகளில் முதலாவதான சுருங்கச் சொல்லல். இரண்டாவது, விளங்க வைத்தல். சுருக்கமும் விளக்கமும் ஒன்றேயாயின் அவர் அவற்றை இரண்டாக எண்ணியிருக்க மாட்டார். நம் ஐயமெல்லாம் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப் பற்றியதே.

இந்த வரி எப்படி இவ்வளவு சிக்கலாயிற்று என்று அறியச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 1857 எழுச்சியை அடக்கிய செலவால் கருவூலம் வறண்டபோது, ஜேம்ஸ் வில்சன் 1860இல் இந்தியாவில் வருமான வரியை அறிமுகப்படுத்தினார். ஆண்டுக்கு 200 ரூபாய்க்கு மேல் பெற்றவர் 2 விழுக்காடும், 500 ரூபாய்க்கு மேல் பெற்றவர் 4 விழுக்காடும் செலுத்த வேண்டும். இந்த எளிய செய்தியைச் சொல்ல அச்சட்டத்துக்கு 259 பிரிவுகள் தேவைப்பட்டன. ஆகவே 'முன்னொரு காலத்தில் எல்லாம் எளிதாக இருந்தது' என்ற ஏக்கத்துக்கு இங்கு இடமில்லை. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் சார்லஸ் டிரவெலியன். இந்த வரி நாட்டின் இயல்புக்கு ஒவ்வாதது, வசூலிப்போரின் கொடுமைக்கு வழி திறப்பது என்று அவர் கடுமையாக எதிர்த்தார். எதிர்ப்பைக் கோப்புக்குள் வைக்காமல் செய்தித்தாளிலேயே வெளியிட்டுவிட்டார். ஆளுநர் பதவி போயிற்று. வில்சனும் அதே 1860 ஆகஸ்டில் கல்கத்தாவில் சீதபேதியால் இறந்தார். வரலாறு சில வேளைகளில் நாவலாசிரியரைப்போல நடந்துகொள்கிறது. திருப்பியழைக்கப்பட்ட அதே டிரவெலியன் நிதி உறுப்பினராகக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். அவருடைய நிதிநிலை அறிக்கைக்குப் பின் 1865இல் அந்த வருமான வரி காலாவதியாயிற்று.

பின்னர் அது வேறு வேறு உருவில் திரும்பத் திரும்ப வந்து, 1886இல் நிலைகொண்டது. விளைநில வருமானத்துக்கு விலக்கு என்ற ஏற்பாடு அப்போது உறுதிப்பட்டது. அரசமைப்புச் சட்டம் அவ்வதிகாரத்தை மாநிலங்களிடம் விட்டுவிட்டதால், 1886இன் கோடு இன்றும் அழியாமல் கிடக்கிறது. 1922ஆம் ஆண்டுச் சட்டம் 68 பிரிவுகளில் முடிந்தது.

விடுதலைக்குப் பிந்தைய கதையில் நாம் அதிகம் நினைத்துப் பார்க்க வேண்டியவர் நிக்கலஸ் கால்டர். கேம்பிரிட்ஜ் பொருளியலறிஞரான அவர் 1956இல் அளித்த அறிக்கையில் செல்வ வரி, செலவு வரி, கொடை வரி, மூலதன ஆதாய வரி ஆகியவற்றைச் சேர்த்துப் பின்னிய ஒரு வலையைப் பரிந்துரைத்தார். ஒருவர் வருமானத்தை மறைத்தால் செல்வத்தில் அகப்படுவார், செல்வத்தை மறைத்தால் செலவில் அகப்படுவார் என்பது கணக்கு. அதற்கு ஈடாக வருமான வரியின் உச்ச வீதத்தை ஏறத்தாழ 45 விழுக்காட்டோடு நிறுத்திவிட வேண்டும் என்பதும் அதே பரிந்துரையின் மறுபாதி. நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி 1957இல் செல்வ வரியையும் செலவு வரியையும் கொண்டுவந்தார். மறு ஆண்டு கொடை வரி வந்தது. மறுபாதி மட்டும் வரவில்லை. உச்ச வீதம் இறங்குவதற்குப் பதில் ஏறிக்கொண்டே போய், 1973-74இல் மேல்வரியோடு சேர்த்து 97.75 விழுக்காட்டைத் தொட்டது. இரண்டு லட்சத்துக்கு மேல் ஈட்டும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஈட்டியவருக்கு மிஞ்சியது இரண்டே கால் ரூபாய். செல்வ வரியும் சேர்ந்தால் சிலருக்கு அந்த இரண்டே காலும் மிஞ்சாது. இப்படி ஒரு வீதத்தைச் சட்டத்தில் எழுதி வைத்துவிட்டு மனிதர்கள் அதைச் செலுத்துவார்கள் என்று நம்புவது கற்பனாவாதம். அதைச் செலுத்தாமல் இருப்பதற்கான சந்துபொந்துகளும், சந்துபொந்துகளை அடைப்பதற்கான திருத்தங்களும், திருத்தங்களிலிருந்து தப்புவதற்கான விலக்குகளுமாகவே சட்டம் பெருத்தது. கால்டரின் வலையிலிருந்து செலவு வரி 1962இல் போய், 1964இல் வந்து, 1966இல் மீண்டும் போயிற்று. கொடை வரி 1998இல் போயிற்று. செல்வ வரி 2015இன் நிதிநிலை அறிக்கையோடு போயிற்று. அவற்றை ஒட்டி வளர்ந்த முட்புதர் மட்டும் நின்றது.

வாஞ்சூ குழு, செல்லையா குழு, கேல்கர் குழு என்று சீர்திருத்தக் குழுக்கள் வரிசையாக வந்தன. வீதங்கள் மெல்ல இறங்கின. 1997இல் 10, 20, 30 என்று மூன்று படிகளுக்கு வந்து நின்றன. ஆனால் நூலை யாரும் தொடவில்லை. 2009இல்தான் நேர்முக வரிகள் தொகுப்புச் சட்டம் என்ற முழுப் புதிய வரைவு வெளியிடப்பட்டது. சேமநிதியிலிருந்து பணம் எடுக்கும்போது வரி என்றதும் சம்பளக்காரர் கொதித்தெழுந்தனர். 2010இல் திருத்திய மசோதா மக்களவைக்கு வந்தது. யஷ்வந்த் சின்கா தலைமையிலான நிலைக்குழு 2012இல் அறிக்கை தந்தது. 2014இல் மக்களவையோடு மசோதாவும் கலைந்தது. அந்த வரைவில் குறைகள் இருந்தன. ஆயினும் நடையையும் கொள்கையையும் ஒருசேரத் தொடத் துணிந்த முயற்சி அது ஒன்றே என்பது நம் கருத்து. 2025ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் துணிவை விட்டுவிட்டு, நடையை மட்டும் எடுத்துக்கொண்டது.

நடையை மட்டும் திருத்துவது ஆபத்தில்லாத வேலை என்று எண்ணிவிடக்கூடாது. 2025 பிப்ரவரி 13 அன்று மக்களவையில் வைக்கப்பட்ட முதல் வடிவத்தில், உரிய கெடுவுக்குள் கணக்குத் தாக்கல் செய்தவருக்கே, கூடுதலாகப் பிடிக்கப்பட்ட வரி திரும்பக் கிடைக்கும் என்று பொருள்படும் ஒரு விதி இருந்தது. வரம்புக்குக் கீழே வருமானம் உள்ள ஒரு முதியவர். அவருடைய வட்டியில் வங்கி பத்து விழுக்காடு பிடித்துவிட்டது. அவர் வரி கட்ட வேண்டியவரே அல்லர். கெடுவைத் தவறவிட்டார் என்பதற்காக அந்தப் பணம் போய்விடும். கொள்கையில் மாற்றமில்லை, மொழியைத்தான் எளிதாக்கினோம் என்று சொல்லப்பட்ட நூலில் இப்படி ஓர் உரிமை நழுவி விழுந்திருந்தது. பைஜயந்த் பாண்டா தலைமையிலான தெரிவுக்குழு இதைக் கண்டு நீக்கச் சொன்னது. அக்குழு தந்த பரிந்துரைகள் மொத்தம் 285. ஆகஸ்ட் 8 அன்று அரசு மசோதாவைத் திரும்பப் பெற்று, 11 அன்று திருத்திய மசோதாவை வைத்தது. அவ்வளவு பெரிய நூல் அதே நாளில், அமளிக்கு நடுவே, விவாதம் இன்றி மக்களவையில் நிறைவேறிற்று. குழு விழித்திருந்ததால் பிழைத்தோம். பழஞ்சுவடியைப் பெயர்த்தெழுதுவோர் ஓரெழுத்தை விட்டால் பாடம் மாறும் என்பதை நாம் அறிவோம். இங்கே பாடம் மாறினால் ஓய்வூதியக்காரரின் வட்டிப்பணம் மாறும்.

ஒரு சொல்லின் எடை எவ்வளவு என்பதற்கு வோடபோன் வழக்கைவிடப் பெரிய சான்று நமக்குத் தெரிந்து இல்லை. 2007இல் ஹட்சிசனின் இந்திய அலைபேசித் தொழிலை வோடபோன் வாங்கிற்று. வாங்கியது கேமன் தீவுகளில் பதிவான ஒரு நிறுவனத்தின் பங்கை. அப்பங்கின் மதிப்போ இந்தியாவில் இருந்தது. வரி உண்டா? 2012 ஜனவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. சில திங்களுக்குள் அரசு நிதிச் சட்டத்தின்வழி ஒரு 'விளக்கம்' சேர்த்தது. சட்டத்திலிருந்த 'த்ரூ' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, நம் 'வழியாக' என்னும் சொல்லுருபுக்கு, 'அதன் மூலமாக', 'அதன் விளைவாக', 'அதன் காரணமாக' என்றெல்லாம் எப்போதும் பொருள் இருந்ததாகவே கொள்ளப்படும் என்றது அந்த விளக்கம். எப்போதும் என்றால் 1962 ஏப்ரல் 1 முதல். ஐம்பதாண்டுக்கால வாசகர் அனைவரும் அச்சொல்லைத் தவறாகப் படித்தனர் என்று நாடாளுமன்றம் தீர்ப்பளித்தது போலாயிற்று. உரையாசிரியர்கள் நூற்பாவை வளைத்துப் பொருள் கொள்வது நமக்குப் பழக்கமானதுதான்; ஆனால் எந்த உரையாசிரியரும் தம் உரைக்கு ஐம்பதாண்டு முன்தேதியிட்டுப் பணம் கேட்டதில்லை. 2020இல் வோடபோன், கெய்ர்ன் ஆகிய இரு வழக்குகளிலும் பன்னாட்டு நடுவர் மன்றங்களில் இந்தியா தோற்றது. 2021 ஆகஸ்டில் அந்த முன்தேதி வரியைக் கைவிட்டு, வசூலித்ததைத் திருப்பித் தரச் சட்டம் செய்யப்பட்டது. சிக்கல் சொற்களின் எண்ணிக்கையில் இல்லை, எழுதிய சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிற்க ஆட்சி ஒப்புகிறதா என்பதில் இருக்கிறது என்று நாம் கருதுவது இதனாலேயே.

புதிய சட்டம் இவ்வகையில் நமக்கு முழு நம்பிக்கை அளிக்கவில்லை. சோதனை அதிகாரத்தைச் சொல்லும் 247ஆம் பிரிவு, பெட்டி அலமாரிகளோடு 'மெய்நிகர் எண்ணிம வெளி'யையும் சேர்த்துக்கொண்டு, மின்னஞ்சலும் சமூக ஊடகக் கணக்குகளும் அதில் அடங்குமாறு செய்திருக்கிறது. சொல் தெளிவாகத்தான் இருக்கிறது. அத்தெளிவே அச்சம் தருகிறது. அதோடு, நடைமுறைக்கு வருவதற்கு முன்னரே, 2026 பிப்ரவரியின் நிதி மசோதா இப்புதிய சட்டத்துக்குத் திருத்தங்களை முன்வைத்துவிட்டது. பிள்ளைக்குப் பெயர் வைக்கும் முன்பே சட்டைக்கு ஒட்டுப்போட்டாயிற்று. ஆண்டுதோறும் நிதி மசோதாவில் வீதங்களை மட்டும் மாற்றுவது, அடிப்படை விதிகளை மாற்ற வேண்டுமானால் தனி மசோதா கொண்டுவந்து குழுவின் பார்வைக்கு அனுப்புவது என்று ஒரு மரபை இப்போதே நிறுவாவிட்டால், 202-க்கும் 203-க்கும் நடுவே மீண்டும் எழுத்துகள் முளைக்கும். பிரிட்டனிலும் 1996 முதல் 2010 வரை வரிச்சட்டங்களை மொழி திருத்தி எழுதும் திட்டமொன்று நடந்தது. ஏழு சட்டங்கள் தெளிவான ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. வரிமுறை எளிதாகிவிட்டது என்று அங்கு யாரும் சொல்வதில்லை.

இனி, நமக்கு நெருடலான ஓர் இடம். 2020 முதல் இந்நாட்டில் இரண்டு வருமான வரிமுறைகள் அருகருகே நடக்கின்றன. கழிவுகள் நிறைந்த பழைய முறை ஒன்று. கழிவுகள் பெரும்பாலும் அற்ற, வீதம் குறைந்த புதிய முறை மற்றொன்று. ஒரே மொழிக்கு இரண்டு இலக்கணம். எதைப் பின்பற்றினால் மதிப்பெண் கூடும் என்று மாணவனே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். 2024 ஜூலை 31 வரை தாக்கலான 7.28 கோடி படிவங்களில் 5.27 கோடி புதிய முறையில் வந்தவை. 2025இன் நிதிநிலை அறிக்கை புதிய முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வரியில்லை என்று ஆக்கியபின் பழைய முறை நடைமுறையில் வற்றிக்கொண்டே போகிறது. அது வற்றுவதில் நமக்குப் பெரிய வருத்தமில்லை. காப்பீட்டு முகவர் மார்ச்சு மாதத்தில் தலையில் கட்டிய பாலிசிகளுக்கெல்லாம் அரசு வரிச்சலுகை தந்துகொண்டிருக்க வேண்டிய தேவையில்லை. ஆனால் அந்தக் குப்பையோடு குப்பையாக வேறொன்றும் போகிறது.

மாற்றுத்திறனாளியைப் பேணும் குடும்பத்துக்குப் பழைய முறையில் 75,000 ரூபாயும், பாதிப்புக் கடுமையானால் 1.25 லட்சம் ரூபாயும் கழிவு உண்டு. மாற்றுத்திறனாளியே வருமானம் ஈட்டினால் அவருக்கும் அவ்வாறே. புதிய முறையில் இரண்டும் இல்லை. ஒரே அலுவலகத்தில் ஆண்டுக்கு 15.75 லட்சம் ரூபாய் ஊதியம் பெறும் இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் தனியாள். மற்றவர் வீட்டில் எழுந்து நடக்க முடியாத பிள்ளை. பகலெல்லாம் கூட இருக்க ஓர் ஆள், பயிற்சி சிகிச்சை, சக்கர நாற்காலி. 2025-26 வீதப்படி புதிய முறையில் நிலைக்கழிவு 75,000 போக இருவரும் செலுத்துவது ஒரே தொகை, 1,09,200 ரூபாய். சலுகைதான் பழைய முறையில் இருக்கிறதே, அதற்கு மாறிக்கொள்ளட்டும் என்பர். மாறினால் என்ன ஆகும்? நிலைக்கழிவு 50,000, பிள்ளைக்காக 1.25 லட்சம், சேமிப்புக்கு முழு 1.5 லட்சம் என எல்லாவற்றையும் கழித்த பின்னும் அவர் செலுத்த வேண்டியது 1,95,000 ரூபாய். சலுகை ஏட்டில் இருக்கிறது. அதை எடுக்கப் போனால் ஏறத்தாழ 86,000 ரூபாய் கூடுதலாகக் கட்ட வேண்டும். வீதம் குறைந்ததால் இவருக்கும் நன்மைதானே என்ற பதில் கேட்கும். வீதம் எல்லோருக்கும் குறைந்தது. சக்கர நாற்காலி எல்லோர் வீட்டிலும் இல்லை.

எளிமை என்ற சொல்லை நாம் இத்தனை சந்தேகத்தோடு பார்ப்பதற்கு இதுவே காரணம். சட்டம் எழுதுபவருக்கும் கணினி நிரல் எழுதுபவருக்கும் எளிதானது, வாழ்கிறவருக்கு எளிதாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. வேறுபட்ட வாழ்க்கைகளை வேறுபடுத்திச் சொல்லச் சில சொற்கள் கூடுதலாகத்தான் வேண்டும். அதைக் கூட்டுவது மிகைபடக் கூறல் ஆகாது. விடுவதுதான் குன்றக் கூறல். புதிய முறையைச் சொல்லும் 202ஆம் பிரிவில் மாற்றுத்திறனாளிக் கழிவுக்கும் கொடுநோய்ச் சிகிச்சைக் கழிவுக்கும் இடமளிக்க இரண்டு வரி போதும். கருவூலத்துக்கு அது பெரிய இழப்பாகவும் இராது. 12 லட்சத்துக்குக் கீழே இருப்பவர்க்கு ஏற்கெனவே வரியில்லை.

2019 ஜூலையில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் தம் நிதிநிலை உரையில் பிசிராந்தையாரின் புறநானூற்றுப் பாடலை எடுத்தாண்டார். யானை தானே வயலில் புகுந்து மேய்ந்தால் உண்பதைவிட மிதிபட்டு அழிவது மிகுதி என்னும் அந்த உவமையைத் தமிழன்பர்கள் அன்று மகிழ்ந்து பரப்பினோம். ஆனால் அப்பாடல் அரசனின் பேராசையை மட்டும் சொல்லி நின்றுவிடவில்லை. தரமறியாது ஆரவாரிக்கும் அரசச் சுற்றத்தையும் சேர்த்தே சொல்கிறது. அறிவுடை நம்பிக்குச் சொல்லப்பட்டது வீதத்தைப் பற்றிய அறிவுரை மட்டுமன்று, வசூலிக்கும் முறையைப் பற்றியதுங்கூட. மேடையில் எடுத்தாள்பவர்கள் பெரும்பாலும் யானையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கடைசியாக மொழி. சட்டத்தை அறியாமை ஒரு சாக்காகாது என்பது நீதிமன்றக் கொள்கை. அறிய வேண்டிய சட்டமோ ஆங்கிலத்தில் இயற்றப்படுகிறது; இந்தி வடிவம் உடன் வருகிறது. மற்ற மொழிகளுக்கும் வழி இல்லாமலில்லை. 1973ஆம் ஆண்டில் மத்தியச் சட்டங்களின் அதிகாரப்பூர்வ வாசகங்கள் குறித்து இயற்றப்பட்ட சட்டத்தின்படி, குடியரசுத் தலைவரின் அதிகாரத்தின்கீழ் அரசிதழில் வெளியிடப்படும் தமிழ் மொழிபெயர்ப்பு அம்மொழியில் அதிகாரப்பூர்வமான வாசகமாகவே 'கருதப்படும்'. கருதப்படும் என்பது வரிச்சட்டத்துக்கு மிகப் பிடித்த சொல். வாடகைக்கு விடாத வீட்டை விட்டதாகக் கருதி வாடகை கணக்கிடும் நூல் அது. தமிழையும் ஒருமுறை கருதிப் பார்க்கட்டும். வரிச்சட்டத்தைத் தமிழில் எழுத முடியுமா என்று கேட்போர், பாக்கு நீரிணைக்கு அப்பால் பார்க்கலாம். இலங்கையில் சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளியாகின்றன; 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க வரிச்சட்டம் தமிழில் 'உண்ணாட்டரசிறைச் சட்டம்'. உள் என்பதும் நாடு என்பதும் புணர்ந்து உண்ணாடு ஆகி, அரசிறையோடு சேர்ந்து நிற்கும் அந்தச் சொல்லைப் பார்த்து நம்மூர் இளைஞர்கள் சிரிக்கலாம். ஆயினும் அங்கே ஒரு தமிழ்க் கடைக்காரர் தாம் கட்ட வேண்டிய வரியின் சட்டத்தைத் தம் மொழியில் வாங்கிப் பிரித்துப் பார்க்க முடிகிறது. நூல் பாதியாகச் சுருங்கியிருக்கும் இந்நேரமே மொழிபெயர்ப்புக்கு உகந்த நேரம். அசெஸ்மென்ட் என்பதற்கு மதிப்பீடா, வரி நிர்ணயமா. எக்செம்ப்ஷன், டிடக்ஷன், ரிபேட் மூன்றுக்கும் விலக்கு, கழிவு, தள்ளுபடி என்று முரணின்றி நிறுத்துவதா. இவற்றையெல்லாம் நம் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகளும் சட்டத் துறைகளும் ஒன்றாக உட்கார்ந்து முடிவு செய்ய 536 பிரிவுகள் காத்திருக்கின்றன.